கடல் மாறுதா எண்டு பிளாந்தனைப் பார்த்து எப்பிடிச் சொல்லுறது?

அடுத்த கேள்வி குருநகரில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. "வெப்பம் அளக்க மீற்றர் இருக்கு, உப்பு அளக்க மீற்றர் இருக்கு. பிறகேன் கண்ணுக்குத் தெரியாத பிளாந்தனை எண்ணுறியள்?"

தங்கச்சி, மீற்றர் தண்ணிக்குள்ள விட்ட அந்த நேரத்தைத்தான் சொல்லும். பிளாந்தன் எண்டது தண்ணியோட மிதந்து திரியிற பொடி உயிரினங்கள், அதுகள் அந்தத் தண்ணிக்குள்ளயே பிறந்து பெருகுறது. போன கிழமை மழையோட உரம் கரைஞ்சு வந்திருந்தாலும் அது அதுகளில தெரியும். சிலது ஒரு நாளுக்குள்ளயே ரெண்டாப் பிரியும், அதால மாற்றத்தைக் கெதியாக் காட்டும். மற்றது, மீன் குறைஞ்சால் கடல் மாறினதாலயோ, நாங்கள் அள்ளினதாலயோ எண்டு பிரிக்கிறது கஷ்டம். எங்கட கடலில இந்தக் கண்ணுக்குத் தெரியாத பிளாந்தனை ஆரும் பிடிச்சு விக்கிறேல்லைத்தானே.

ஆனா எவ்வளவு கிடக்கு எண்டதை விட, எந்த இனம் கிடக்கு எண்டதைத்தான் நான் முதல் பார்ப்பன். ஐரோப்பாவில இருக்கிற வட கடலில நடந்ததைக் கேளுங்கோ. அலிஸ்டர் ஹார்டி எண்ட விஞ்ஞானி தொடக்கின வேலை, 1931 இல இருந்து சரக்குக் கப்பலுக்குப் பின்னால ஒரு பெட்டியை இழுத்து, பட்டுத்துணியில பிளாந்தனைப் பிடிச்சு வருகினம். இறால், நண்டுக்குச் சொந்தமான பொடி உயிரி கலானஸ். அதில கலானஸ் பின்மார்க்கிகஸ் எண்ட குளிர்த்தண்ணி இனம் அங்க குறைஞ்சு, சூடு விரும்புற கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் கூடினது அதிலதான் தெரிஞ்சது. நுணுக்குக்காட்டியில ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், ஐஞ்சாவது சோடிக் காலைப் பார்த்துத்தான் பிரிக்கிறது. ஆனா முதலாவது வசந்தத்தில பெருகும், மற்றது இலையுதிர் காலத்தில. வசந்தத்தில பொரிக்கிற கொட் மீன்குஞ்சுக்கு அந்த நேரம் சாப்பாடு போதாமல் போயிட்டுது. பாருங்கோ, ஒரு காலின்ர வளைவுக்குள்ள எவ்வளவு பெரிய சங்கதி!

இப்ப எங்கட யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்கு வருவம். ஆழமில்லாத தண்ணி. மாரி மழை கொட்டினால் உப்பு இறங்கும், கோடையில வெயிலுக்கு ஏறும். அதுக்கேற்ற மாதிரி பிளாந்தனும் ஒவ்வொரு வருசமும் பருவத்துக்குப் பருவம் ஆள் மாறும். அதால மார்கழியில ஒரு போத்தல், ஆடியில ஒரு போத்தல் எடுத்து ஒப்பிட்டுப் போட்டு "காலநிலை மாறிட்டுது" எண்டு தயவுசெய்து எழுதாதேங்கோ. இந்த மார்கழியைப் போன மார்கழியோடதான் ஒப்பிட வேணும், அதுவும் பல வருசத்துக்கு. எங்களிட்ட ஆகக் குறைவாக இருக்கிறது இந்த நீண்ட காலப் பதிவுதான், எனக்கு உண்மையிலயே கவலை அதில.

பாடசாலைச் செயற்றிட்டமா செய்யிறதெண்டால், பண்ணைப் பாலத்தடியில ஒரே இடத்தில, மாதாமாதம், அதே வலையால எடுங்கோ. எடுத்தது கெடாமல் இருக்க லூகோல் அயடீன் கரைசல் விடேக்க தண்ணி சாயம் குறைஞ்ச பிளேன்ரீ நிறத்துக்கு வந்தால் காணும், கூட விட்டால் நுண்ணங்கம் கறுத்துப்போய் இனம் பிடிக்க ஏலாது. போத்தலில திகதி, நேரம், உப்பு, வெப்பம், கடல் வத்தோ பெருக்கோ எண்டதையும் எழுதுங்கோ. வத்தில எடுத்ததையும் பெருக்கில எடுத்ததையும் கலந்தால் திரும்பவும் அதே குழப்பம்தான் வரும்.