கெடு வேறு, கெடுபிடி வேறு

நடுவர் அவர்களே, மன்னார்குடிப் பெரியோர்களே, வணக்கம். அலுவலக அவசரம் வேலையை முடிக்கிறதா, கெடுக்கிறதா என்பது தலைப்பு. கெடுக்கிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னே பேசிய தம்பி, "ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கப்போகிறது என்ற அவசரம் இல்லாவிட்டால் வாய்க்காலைத் தூர்வாருவார்களா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். நல்ல கேள்விதான். ஆனால் தம்பி, ஜூன் 12 நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் வந்த தேதியா? டெல்டாவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அணையில் தண்ணீர் இல்லாத வருஷம் அதுவும் தள்ளிப்போகும். ஏன் என்று எல்லோருக்கும் புரியும். அது கெடு. நான் பேசுவது கெடுபிடியை. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்றும் சொன்னார். தேடித்தான் விதைக்கச் சொன்னார்கள், ஓடி இல்லை.

என் கதையையே சொல்கிறேன். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பெயர் வேண்டாம், சம்பளம் வர வேண்டும். போன குறுவை அறுவடையில் ஒரு சனிக்கிழமை. வீட்டு நெல் களத்தில் காய்கிறது. இரண்டு மணிக்குக் கிளம்பப் போனால் மேனேஜர் போன்: "மூணு மாச இருப்புக் கணக்கு உடனே வேணும், ரொம்ப அவசரம்." உட்கார்ந்தேன். மூன்றரைக்கு மேற்கே கறுத்தது. களத்தில் அப்பா தனியாள். தார்ப்பாயின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையைக் காற்று தூக்கியிருக்கிறது. பாதிக் குவியல் நனைந்துவிட்டது. கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மெஷின் 21 காட்டியது. மறுபடி கொட்டி, புரட்டி, காயவைத்து, ராத்திரி காவல் படுத்து, இன்னும் நாலு நாள்.

சரி, அந்தக் கணக்கு? திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மேனேஜர் கேட்கிறார், "அனுப்பிட்டியா?" புதன்கிழமைதான் திறந்தார். திறந்ததும் திட்டு. 1,240 மூட்டையை 12,400 என்று அடித்து வைத்திருக்கிறேன். திருத்த அரை நாள்.

இப்போது எங்கள் ஆபீசில் 'அவசரம்' என்று போடாத மெயிலே கிடையாது. அதனால் யாரும் அசைவதும் இல்லை. நிஜமாகவே அவசரம் என்றால் மேனேஜரே மாடியிறங்கி வர வேண்டியிருக்கிறது, பாவம்.

எதிரணி இதைச் சுறுசுறுப்பு என்கிறது. மழைக்கு முன் தார்ப்பாய் போடுகிறோமே, அதுதான் ஐயா சுறுசுறுப்பு. மேலிடத்தில் யாரோ கேட்டதும் 'இதோ' என்று சொல்லிவிட்டு, அந்த 'இதோ'வைக் கீழே இருப்பவன் தலையில் இறக்குவதற்கு வேறு பெயர் இருக்கிறது. சபையில் பெண்கள் இருக்கிறார்கள், சொல்ல மாட்டேன்.

நடுவர் மணி அடிக்கிறார். இது உண்மையான அவசரம். பின்னால் இன்னும் நாலு பேர் பேச வேண்டும். உட்காருகிறேன்.