போன்தான் சாவி: மலையில் கார் திறக்காதபோது

நேயர்களுக்கு வணக்கம். போனையே கார் சாவியாக வைத்துக்கொள்வது நம் ஊர்ப் பக்கமும் வந்துவிட்டது. 2021-இல் வந்த எம்ஜி ஆஸ்டரில் ப்ளூடூத் சாவி இருந்தது. 2024-இல் புது வடிவில் வந்த ஹூண்டாய் அல்கஸாரில் போனைக் கதவுக் கைப்பிடியில் காட்டித் திறக்கலாம். கீழே சமவெளியில் இந்தச் சாவி மக்கர் செய்தால் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். நீலகிரி மலையில் அவலாஞ்சி ஏரிக்கரையில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு யாரைக் கூப்பிடுவது? கூப்பிடத்தான் சிக்னல் இருக்குமா?

அதனால் மலையேறும் முன் வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். போனில் ஏரோப்ளேன் மோடு போடுங்கள். வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ப்ளூடூத்தை மட்டும் ஆன் செய்யுங்கள். இப்போது காரைப் பூட்டுங்கள், திறங்கள், உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்யுங்கள். மூன்றும் நடந்தால் உங்கள் போன் உண்மையிலேயே சாவி. நடக்கவில்லையென்றால், இத்தனை நாளும் கதவைத் திறந்துகொண்டிருந்தது இன்டர்நெட்.

இந்த வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. ஆப்பில் பூட்டுப் படத்தை அழுத்துகிறோம், கதவு திறக்கிறது. ஆனால் அந்தக் கட்டளை இரண்டு வழியில் போகலாம். போனிலிருந்து டவருக்கு, டவரிலிருந்து கம்பெனி சர்வருக்கு, அங்கிருந்து காருக்குள் இருக்கும் சிம்முக்கு என்பது ஒரு வழி. இதற்குப் போனுக்கும் சிக்னல் வேண்டும், காருக்கும் வேண்டும். மேல்பவானியிலும் முதுமலைக் காட்டுக்குள்ளும் இதை நம்பிப் பயனில்லை. போனிலிருந்து நேராகக் காருக்குப் போகும் ப்ளூடூத் இரண்டாவது வழி. இதற்கு டவர் தேவையில்லை. ஆனால் சில ஆப்கள் அவ்வப்போது வெளியே தள்ளிவிட்டு மறுபடி லாகின் செய்யச் சொல்லும். ஓடிபி கேட்கும். சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபி எங்கிருந்து வரும்? ஊட்டியிலிருந்து கிளம்பும் முன் ஆப்பைத் திறந்து, லாகின் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது.

அடுத்து, மிஸ்ட் என்கிற மூடுபனி. "மிஸ்ட் இறங்கினால் ப்ளூடூத் பிடிக்காது" என்று இங்கே சொல்வார்கள். பாவம், மிஸ்ட் மேல் குற்றமில்லை. ஓரிரு மீட்டர் தூரத்தில் மூடுபனியில் இருக்கும் நீர்த்துளிகள் இந்த அலையை ஒன்றும் செய்துவிட முடியாது. தடுப்பது நம் உடம்பு. ப்ளூடூத் அலை 2.4 கிகாஹெர்ட்ஸ், அதைத் தண்ணீர் விழுங்கும், நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். போன் பின் பாக்கெட்டில் இருக்க, நாம் காரைப் பார்த்து நடந்தால், சிக்னல் உடம்பைச் சுற்றித்தான் போக வேண்டும். அதன் பலம் நூறில் ஒரு பங்காகக் குறைவதும் உண்டு. கார் தூரத்தைக் கணக்கிடுவது சிக்னலின் பலத்தை வைத்து. ஆகவே பக்கத்தில் நிற்கும் ஆளையே பத்து மீட்டர் தள்ளி நிற்பதாக நினைத்துக்கொண்டு கதவைத் திறக்காது. போனைக் கையில் எடுத்துக் கார் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் காட்டி, இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் பாருங்கள். உடனே திறந்தால் பழுது எதுவும் இல்லை. பாக்கெட்டை மாற்றினால் போதும். போன் கவரில் இரும்புத் தகடோ காந்தமோ இருந்தால் அதையும் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

ஈரக்கை இன்னொரு விஷயம். கைப்பிடியைத் தொட்டால் திறக்கிற கார்களில் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போது தொடு உணரி குழம்பும். கம்பளிக் கையுறையோடு தொட்டால் பல கார்களில் அதற்குத் தெரியவே தெரியாது. போன் திரைக்கும் அதே கதைதான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் திறக்கவில்லையா? அப்படியானால் பெரும்பாலும் போனே ஆப்பைத் தூங்கவைத்திருக்கும். ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியைச் சேமிக்கிறேன் பேர்வழி என்று பின்னணியில் ஓடும் ஆப்களை நிறுத்திவிடுகின்றன. செட்டிங்ஸில் ஆப்ஸ் என்ற பகுதிக்குப் போய், கார் ஆப்பைத் தேர்ந்து, பேட்டரி என்ற இடத்தில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று வையுங்கள். சில போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் ஆன் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டு 12-இலிருந்து 'நியர்பை டிவைசஸ்' என்ற அனுமதி தேவை. பல ஆப்களுக்கு லொகேஷனை 'எப்போதும்' என்று கொடுத்தால்தான் பின்னணியில் வேலை செய்யும். ஐபோனில் ஆப்பை மேலே தள்ளி மூடும் பழக்கம் இருந்தால் கார் ஆப்பை மட்டும் விட்டுவிடுங்கள். அப்படி மூடினால் நீங்கள் மறுபடி திறக்கும்வரை அது பின்னணியில் எழாமல் போகலாம்.

இன்னொரு காரணம் யாருக்கும் சட்டென்று தோன்றாது. ராத்திரியில் போன் தானாக அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு ஒருமுறை நீங்கள் பின் நம்பரைப் போட்டுத் திறக்காதவரை, உள்ளே இருக்கும் தகவல் பூட்டப்பட்டே இருக்கும், பெரும்பாலான ஆப்களால் ஓட முடியாது. காலையில் அப்படியே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனால் கார் கண்டுகொள்ளாது. பின் நம்பரைப் போட்டதும் சரியாகிவிடும்.

ப்ளூடூத்தை அணைத்துப் போடும்போதும் ஐபோன்காரர்கள் கவனிக்க வேண்டும். மேலிருந்து இழுத்து வரும் கன்ட்ரோல் சென்டரில் அழுத்தினால் ப்ளூடூத் முழுதாக அணையாது. இணைந்திருக்கும் கருவிகளை மட்டும் மறுநாள் காலை 5 மணி வரை கழற்றி வைக்கும். செட்டிங்ஸுக்குள் போய் அணைத்து, பத்து விநாடி கழித்துப் போட வேண்டும்.

இனி குளிர். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்மேல் உறைபனி படிகிற காலையில் போன் பேட்டரியின் உள் மின்தடை கூடிவிடும். 20 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் திடீரென்று அணையும். சூடேறியதும் அதே 20 சதவீதத்தோடு எழுந்து வரும். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரைதான் பயன்படுத்தச் சொல்கிறார்கள். ஸ்வெட்டருக்கு உள்ளே முன் பக்கம் வைத்துக்கொண்டால் போனுக்குச் சூடும் கிடைக்கும், உடம்பும் குறுக்கே நிற்காது. சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டால் ப்ளூடூத் போயிற்று. ஆனால் சாவியை ஆப்பிளின் வாலட் ஆப்பில் சேர்த்திருக்கும் ஐபோன்களில், கைப்பிடியில் போனைத் தொட்டுத் திறக்கும் என்எஃப்சி என்ற குறுந்தூர அலை மட்டும் இன்னும் 5 மணி நேரம்வரை வேலை செய்யும். சார்ஜ் தீர்ந்து தானாக அணைந்தால்தான் இந்தச் சலுகை. நீங்களே அணைத்து வைத்தால் கிடையாது.

குளிர் காரின் 12 வோல்ட் பேட்டரியையும் விடுவதில்லை. மின்சாரக் காருக்கும் இந்தச் சின்ன பேட்டரி உண்டு. கதவுப் பூட்டு, ப்ளூடூத் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பழுது போனிலா காரிலா என்று பிரிக்க ஒரு எளிய வழி உண்டு: ரிமோட் சாவியை அழுத்துங்கள். ரிமோட்டுக்குத் திறந்து போனுக்குத் திறக்கவில்லையென்றால் போன் பக்கம் பாருங்கள். இரண்டுக்கும் திறக்கவில்லையென்றால் போனை நோண்டுவதில் அர்த்தமில்லை, பெரும்பாலும் கார் பேட்டரிதான். வழக்கமான லெட் ஆசிட் பேட்டரியை, கார் ஓர் இரவு சும்மா நின்ற பிறகு மல்டிமீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி.

பேட்டரி இறங்குவதற்கு நம் வீட்டு அமைப்பும் ஒரு காரணமாகலாம். சரிவில் கட்டிய வீடு, போர்ட்டிகோவில் கார், அதை ஒட்டிய அறையில் ராத்திரி முழுக்கப் போன். கார் அடிக்கடி போனைக் கண்டு விழித்துக்கொண்டே இருக்கும், பேட்டரி கரையும். ஜன்னல் ஓரம் போன் இருந்தால் கார் தானாகப் பூட்டாமலும் போகலாம். குன்னூரில் குரங்குகள் கைப்பிடியை இழுத்துப் பார்க்காதவை அல்ல. போனைத் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் வீட்டில் இருக்கும்போது தானாகப் பூட்டித் திறக்கும் வசதியை அணைத்து வையுங்கள். இதற்கு நேர்மாறாக, நாள்கணக்கில் எடுக்காமல் நிற்கும் கார் பேட்டரியைக் காப்பாற்ற ப்ளூடூத்தைத் தானே அணைத்துக்கொள்வதும் உண்டு. அப்போது ரிமோட்டால் ஒருமுறை எழுப்பினால் போதும்.

கதவு திறந்து, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லையென்றால் அது வேறு சங்கதி. உள்ளே போனைத் தேடும் ஆன்டெனா தனி. என்எஃப்சி உள்ள பல கார்களில் வயர்லெஸ் சார்ஜர் இருக்கும் தட்டிலேயே போனின் என்எஃப்சியைப் படிக்கும் படிப்பான் இருக்கும். போனை அதில் வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஐபோனில் என்எஃப்சி மேல் விளிம்பில் இருக்கும், பல ஆண்ட்ராய்டு போன்களில் முதுகின் நடுவில். கவருக்குள் ஏடிஎம் கார்டு செருகி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், படிப்பான் எதைப் படிப்பது என்று திணறும்.

மறுபடி இணைப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கும் பேச்சுக்கும் இணைப்பது வேறு, சாவியாக இணைப்பது வேறு. 'கனெக்டட்' என்று காட்டுவது பாட்டாகவும் இருக்கலாம். போனில் மட்டும் அழித்தால் பழைய ரகசிய எண் காரில் அப்படியே கிடக்கும், இரண்டும் ஒத்துப்போகாது. கார் திரையில் அந்தப் போனை அழியுங்கள், ஆப்பிலும் அழியுங்கள், போனின் ப்ளூடூத் பட்டியலிலும் 'ஃபர்கெட்' கொடுங்கள், போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு ரிமோட் சாவியோடு காருக்குள் உட்கார்ந்து புதிதாக இணையுங்கள். இதற்கு இன்டர்நெட் வேண்டும், ஆகவே ஊருக்குள் செய்துகொள்ளுங்கள். புதுப் போன் வாங்கினால் பேக்கப்பில் எல்லாம் வரும், இந்தச் சாவி வராது. பழைய போனைக் கடையில் கொடுக்கும் முன் அழித்துவிட வேண்டும்.

எல்லாம் பொய்த்தால் இரும்புச் சாவி இருக்கிறது. பல ரிமோட்டுகளின் வயிற்றுக்குள் ஒரு சின்னச் சாவி ஒளிந்திருக்கும். ஓட்டுநர் கதவுக் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதற்கு அடியில் சாவித் துளை. மூடியை எந்தப் பக்கம் நெம்புவது என்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பழகிவிடுங்கள். கோத்தகிரிப் பக்கம் அந்தி நேரத்தில், இருபது அடியில் காட்டெருமை நிற்கும்போது கற்றுக்கொள்கிற வேலையில்லை அது. ரிமோட்டின் பட்டன் செல் இறந்திருந்தாலும் ஸ்டார்ட் பட்டனில் ரிமோட்டை ஒட்டிப் பிடித்தால் பல கார்கள் கிளம்பும்.

டிரைவருக்குச் சாவியைப் போன் வழியாகப் பகிர்கிறவர்களுக்கு ஒன்று. பகிரும்போது இரண்டு போனிலும் இன்டர்நெட் வேண்டும். அவர் ஒருமுறையாவது திறந்து பார்த்த பிறகே வண்டியை அனுப்புங்கள். வேலை முடிந்து உங்கள் ஆப்பிலிருந்து அவர் சாவியை அழிக்கும்போது, அந்தச் செய்தி காருக்குப் போய்ச் சேரக் காரும் சிக்னலில் இருக்க வேண்டியிருக்கலாம். கார் மஞ்சூருக்கு அப்பால் எங்கோ நிற்கிறது என்றால், அது திரும்பி வந்ததும் காரின் திரையிலேயே அவர் பெயர் போய்விட்டதா என்று பாருங்கள்.