ரோமாபுரியின் பெரிய மூக்கு

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நம் வார்டு கவுன்சிலர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய கையோடு இறங்கிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்ட நூலகர் அவர்களே, வரவேற்புரை சொன்ன தம்பி, மைக் செட்டுக்காரர், சுண்டல் கிண்டிய சகோதரிகள், அனைவருக்கும் வணக்கம். போன கூட்டத்தில் பால் கடை அண்ணாச்சியைச் சொல்ல மறந்துவிட்டேன். அடுத்த இரண்டு நாள் எனக்குப் பால் பாக்கெட் எடுத்து வைக்கவில்லை. அதனால் அண்ணாச்சி அவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

தலைமையாசிரியர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. எட்டாம் வகுப்பில் எனக்கு வரலாறு எடுத்தவர். சீசரைக் குத்திக் கொன்ற பாடம் வந்தால் துண்டை உடம்பில் சுற்றிக்கொண்டு மேசைமேல் சாய்ந்து விழுவார். ஐயா, அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். ரோமாபுரியில் இருக்கிறது, லார்கோ அர்ஜெந்தினா என்று பெயர். சாலை மட்டத்துக்குக் கீழே உடைந்த தூண்களாகக் கிடக்கிறது. கி.மு. 44-இல் சீசர் விழுந்த இடத்தில், நீங்கள் எங்கள் வகுப்பில் விழுந்த மாதிரியே, பூனைகள் கால் பரப்பிப் படுத்திருக்கின்றன. வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு வளர்க்கிறார்கள்.

என் மகள் இத்தாலியில் வேலை பார்க்கிறாள். அவள் புண்ணியத்தில் மே மாதக் கடைசியில் நானும் என் வீட்டம்மாவும் 7 நாள் ரோமாபுரியில் இருந்தோம். அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கட்டடம், மிளகு, தண்ணீர் என்று மூன்று விஷயம் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். மிளகைக் கட்டாயம் சொல்வேன். நம் கடற்கரையிலிருந்து போன மிளகைச் சேர்த்து வைக்க அங்கே தனிக் கிட்டங்கியே கட்டியிருந்தார்கள்.

முதலில் கட்டடம். பாந்தியன் என்று ஒரு கோயில். ரோமாபுரிப் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் கட்டியது, கிட்டத்தட்ட 1,900 வருடம் ஆகிறது. உள்ளே 43 மீட்டர் அகலத்துக்குக் கம்பி போடாத கான்கிரீட் கூரை, அரைக் கோள வடிவத்தில். உச்சியில் வட்டமாக ஒரு திறப்பு. கண்ணாடி கிடையாது, மூடி கிடையாது. நாங்கள் உள்ளே நின்றபோது சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. மழை அந்த வட்டம் வழியாக நேராகத் தரையில் இறங்குகிறது. ஜனங்கள் சுற்றி நின்று, கோலத்தைப் பார்ப்பது போல ஈரத் தரையைப் பார்க்கிறார்கள். எல்லோரும் மேலே படம் எடுத்தார்கள். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். 34 வருடம் குழாய் மேற்பார்வையாளராக இருந்தவன் கண் வேறு எங்கே போகும்? தரையை நடுவில் லேசாக மேடாக்கி, சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, கீழே வடிகால் வைத்திருக்கிறான். மழை நின்ற கொஞ்ச நேரத்தில் தண்ணீர் போன இடம் தெரியவில்லை.

நவோனா சதுக்கத்தில் 1651-இல் பெர்னினி என்ற சிற்பி செய்து முடித்த நீரூற்று இருக்கிறது. நான்கு கண்டங்களுக்கு நான்கு ஆறுகள், நான்கும் ஆம்பளைச் சிலைகள். ஆசியாவுக்கு நம் கங்கை. கையில் நீளத் துடுப்பு, முகத்தில் தாடி. "என்னங்க, கங்கா மாதாவுக்குத் தாடி வச்சிட்டாங்களே!" என்று என் வீட்டம்மா சத்தமாகச் சொல்ல, பக்கத்தில் நின்ற வடநாட்டுக் குடும்பம் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தது.

அந்தப் பெர்னினியின் அப்பா செய்த ஊற்று ஸ்பானிஷ் படிக்கட்டின் அடியில் இருக்கிறது. பாதி மூழ்கிய படகு மாதிரி, தரையோடு தரையாகத் தாழ்ந்து கிடக்கும். கலை என்று சொல்லிப் படம் எடுக்கிறார்கள். எனக்குக் காரணம் தெரியும். அந்த இடத்தில் தண்ணீருக்கு பிரஷர் பத்தாது! உயரப் பீய்ச்ச வழியில்லை, மனிதர் படகையே மூழ்கடித்துவிட்டார். எங்கள் ஆபீசாக இருந்தால் பிரஷர் இல்லை என்று கோப்பில் எழுதி மூடியிருப்போம்.

சரி, இப்போது கதைக்கு வருகிறேன். மூன்றாம் நாள் கொலோசியம் பக்கம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். தள்ளுவண்டியில் தண்ணீர் பாட்டில் இரண்டு வாங்கினேன், 6 யூரோ. என் வீட்டம்மா விரல் விட்டு எண்ணினாள். நம் பணத்தில் ஐந்நூறைத் தாண்டுகிறது. "மூணு கிலோ துவரம் பருப்பு" என்றாள். அவள் பங்குப் பாட்டிலைத் திறக்கவே இல்லை. நகையைப் போலக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பத்து அடி நடந்திருப்போம். தெரு ஓரத்தில் என் இடுப்பைவிடச் சற்று உயரமாக ஒரு வார்ப்பிரும்புத் தூண். அதில் வளைந்த குழாய். தண்ணீர் நிற்காமல் கொட்டுகிறது. திருகும் இல்லை, ஆளும் இல்லை. எனக்குப் பகீரென்றது. வாஷர் போயிருக்கிறது, எந்தப் புண்ணியவானும் புகார் கொடுக்கவில்லை என்று நினைத்தேன். பையைக் கொடுத்துவிட்டுத் தூணைச் சுற்றி வந்தேன். வால்வு எங்கே? பின்னால் இல்லை. அடியில் மண்டி போட்டுத் தேடினேன். "என்னங்க, ரிட்டையர் ஆயிட்டீங்க, எந்திரிங்க" என்கிறாள் இவள். அப்போது காய்கறிப் பையும் ஒரு குட்டி நாயுமாக ஒரு பாட்டி வந்தார். இந்த மனுசனுக்குக் குடிக்கத் தெரியவில்லை என்று எண்ணிவிட்டார் போல. என் கையைப் பிடித்தார், ஆள்காட்டி விரலை எடுத்தார், குழாய் வாயில் வைத்து அழுத்தினார். அவ்வளவுதான்! குழாயின் வளைவுக்கு மேல் ஒரு சின்னத் துளை இருக்கிறதே, அது வழியாகத் தண்ணீர் வில்லாக எழுந்து என் கண்ணாடியில் அடித்தது. சட்டை நனைந்தது. நாய் குரைத்தது. பாட்டி "ப்ரேகோ, ப்ரேகோ" என்று குடிக்கச் சொல்கிறார். குடித்தேன். சில்லென்று கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. அந்த 3 யூரோ பாட்டில் இன்னும் எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. இதோ, காட்டுவதற்காகக் கொண்டுவந்திருக்கிறேன். மூடி பிரிக்கவில்லை பாருங்கள்.

அந்தத் தூணுக்கு நசோனே என்று பெயர், பெரிய மூக்கு என்று அர்த்தம். 1874-இல் வைக்க ஆரம்பித்தார்கள். இன்று நகரத்தில் ஏறக்குறைய 2,500 மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கிறது. எங்கள் அம்மா ஒரு பழமொழி சொல்வார்: ஆற்றிலே போகிற தண்ணீர், ஐயா குடி, அம்மா குடி. கைக்காசு போடாமல் தர்மவான் ஆகிறவனைக் குத்திக் காட்டும் பேச்சு அது. எனக்கென்னவோ அது நல்ல பழமொழி. குடி என்று சொல்லவாவது ஓர் ஆள் வேண்டுமே!

ஓடிக்கொண்டே இருந்தால் வீண்தானே என்று கேட்பீர்கள். அங்கேயும் அந்தச் சண்டை உண்டு. 2017 வறட்சியில் பல மூக்குகளை அடைத்தார்கள். ஆனால் பழைய குழாய்க் கசிவில் போவது இதைப்போலப் பல மடங்கு. ஓடும் தண்ணீர் குழாயில் தேங்கிக் கெடாது என்பதும் உண்டு. நம் ஊரில் குழாய் வைத்தால் திருகு வைத்துக்கொள்ளுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தூணில் எஸ்.பி.க்யூ.ஆர் என்று நான்கே எழுத்து, ரோம் செனட்டும் மக்களும் என்று பொருள். எந்த நிதியில் யார் திறந்து வைத்தார் என்று பெயிண்டில் எழுதியிருக்கவில்லை. கவுன்சிலர் அம்மா சிரிக்கிறார்கள். நான் பொதுவாகத்தான் சொன்னேன் அம்மா.

கி.மு. 19-இல் அக்ரிப்பா என்ற ரோமாபுரித் தளபதி கொண்டுவந்த கால்வாய் வழியில்தான், இடையிடையே பழுது பார்த்து, இன்றும் திரெவி நீரூற்றுக்குத் தண்ணீர் வருகிறது. தாகத்தில் வந்த சிப்பாய்களுக்கு ஒரு சின்னப் பெண் ஊற்றைக் காட்டினாள் என்று அந்தச் சுவரிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். அவளும் ஐயா குடி, அம்மா குடி என்றவள்தான். நமக்கு இது புதிதா? திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்த அப்பூதியடிகள் எந்த நாட்டுக்காரர்? திங்களூர்க்காரர்! இப்போது சித்திரையில் பந்தல் திறக்கிறோம், தர்ப்பூசணி வெட்டுகிறோம், படம் எடுக்கிறோம். பத்தாம் நாள் பானைக்குள் பல்லி இருக்கிறது.

ஆகவே நான்கு குழாய் கேட்கிறேன். பேருந்து நிலையம், சந்தை, ஆஸ்பத்திரி வாசல், பெண்கள் பள்ளி முக்கு. வருடம் 12 மாதமும் தண்ணீர் வர வேண்டும். பேருந்து நிலையக் குழாயில் 3 வருடமாகக் காற்று வருகிறது, வேகமாகத்தான் வருகிறது.

தலைவரிடமிருந்து துண்டுச் சீட்டு வந்துவிட்டது. மிளகு அடுத்த கூட்டத்தில். கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், போன தடவை இரண்டு பேனா போய்விட்டது. பால் கடை அண்ணாச்சி முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.