ஸ்டீயரிங் பளபளன்னு இருந்தா அது அழுக்கு

[காட்சி: ஸ்டீயரிங் வளையம், பக்கவாட்டு வெளிச்சத்தில்]

இந்த ஸ்டீயரிங்கைக் கடிகார முகமா நினைச்சுக்கோங்க. ஒன்பது, பத்து மணி இடம் நல்லா மின்னுது. கீழே ஆறு மணி இடம் மங்கலா இருக்கு. கம்பெனியில இருந்து வந்தப்போ வளையம் முழுக்க அந்தக் கீழ்ப் பாகம் மாதிரிதான் இருந்துச்சு. மேலே மின்னுறது கை வியர்வையும், தலைக்கு வச்ச தேங்காய் எண்ணெயும், சன்ஸ்கிரீனும், தூசியும் சேர்ந்து அப்பின படலம்.

இன்னொண்ணு. உங்க விரல் படுறது தோல் மேலேயே கிடையாது. தோலுக்கு மேல நிறப் பூச்சு, அதுக்கும் மேல நிறமில்லாத காப்புப் பூச்சு. எல்லாம் சேர்த்தே 0.15 மில்லிமீட்டருக்குள்ள அடங்கிடும். அதனால சுத்தம் பண்றதுன்னா ஒரு மெல்லிய பெயின்ட் மேல இருக்கிற அழுக்கை மட்டும் எடுக்கிறது. மீட்கிறதுன்னா தேஞ்ச இடத்துல மறுபடி பெயின்ட் அடிக்கிறது. செய்யவேண்டியது, செய்யக்கூடாதது எல்லாமே இதுல இருந்துதான் வருது.

[காட்சி: தையல் ஓரம், மிக அருகில்]

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, அது லெதரான்னு பாருங்க. தையலே இல்லாம ஒரே வார்ப்பா இருந்தா அது வெறும் ஃபோம் ஸ்டீயரிங். தையல் இருந்தும், உரியிற இடத்துல பிளாஸ்டிக் தாள் மாதிரி கிளம்பி அடியில துணி தெரிஞ்சா ரெக்ஸின். உரிஞ்ச ரெக்ஸினை மீட்க முடியாது, அதுக்கு உறை மாத்துறதுதான் வழி. தேஞ்ச இடத்துல நார் நாரா, பஞ்சு மாதிரி தெரிஞ்சா அசல் தோல்.

அடுத்து ஒரு சொட்டுத் தண்ணி. மேலே முத்து மாதிரி நின்னா காப்புப் பூச்சு இருக்கு, சுத்தம் பண்ணினாலே போதும். உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தா பூச்சு போயிடுச்சு. மேலே அழுக்குப் படலம் இருந்தாலும் தண்ணி நிக்கும், அதனால சுத்தம் பண்ணின பிறகு இதை இன்னொரு தடவை செஞ்சு பாருங்க.

[காட்சி: நிழலில் நிற்கும் கார்; பொத்தான்கள் மேல் மாஸ்கிங் டேப்]

வண்டி நிழல்ல நிக்கணும், வளையம் தொட்டா சூடு தெரியக் கூடாது. சித்திரை வெயில்ல நின்ன வண்டியில உடனே ஆரம்பிச்சா லிக்விட் தேய்க்கிறதுக்குள்ள காய்ஞ்சு திட்டுத் திட்டா நிக்கும். பொத்தான்கள் மேல மாஸ்கிங் டேப், ஸ்டீயரிங் தண்டு மேல ஒரு பழைய துண்டு.

தேவையானது லெதருக்குன்னே விக்கிற க்ளீனர், குதிரை முடி பிரஷ் இல்லேன்னா ரொம்ப மிருதுவான டூத் பிரஷ், நாலு வெள்ளை மைக்ரோஃபைபர் துணி. வெள்ளை எதுக்குன்னா, என்ன வருதுன்னு தெரியணும். பாத்திரம் தேய்க்கிற லிக்விடும் சோப்புத் தூளும் வேண்டாம். தோல் இயல்பா லேசான அமிலத்தன்மை உள்ளது, கார சோப்பு அதுக்கு ஒத்துக்காது. மேஜிக் ஸ்பாஞ்ச்னு விக்கிற வெள்ளைக் கட்டி இன்னும் மோசம். தொட்டா மெத்துன்னு இருக்கும், ஆனா வேலை செய்யிறது மிக நைஸான உப்புத்தாள் மாதிரி. அழுக்கோட காப்புப் பூச்சையும் சேர்த்துச் சுரண்டிடும். முதல் நாள் பிரமாதமா தெரியும், அடுத்த சில மாசத்துல நிறம் கையோட வர ஆரம்பிக்கும்.

[காட்சி: பிரஷ் மேல் க்ளீனர், பழுப்பு நுரை]

க்ளீனரை பிரஷ் மேலதான் அடிக்கணும். வளையத்து மேல நேரா அடிச்சா பொத்தான் இடுக்கு வழியா உள்ளே போகும், உள்ளே சுவிட்சும் வயரும் இருக்கு. நடுவுல ஹாரன் மூடிக்குப் பின்னாடி இருக்கிறது ஏர்பேக், அங்கே ஈரத் துணியால துடைக்கிறதோட நிறுத்திக்கோங்க.

வளையத்தை நாலு பாகமா பிரிச்சுக்கோங்க. ஒரு பாகத்துக்கு ரெண்டு ஸ்ப்ரே போதும். அழுத்தாம, சின்னச் சின்ன வட்டமா அரை நிமிஷம். நுரை பழுப்பாகும். காயிறதுக்கு முன்னாடி நல்லா பிழிஞ்ச ஈரத் துணியால துடைச்சு எடுங்க. தையல் பள்ளத்துல பிரஷை தையல் போற திசையில ஓட்டுங்க, குறுக்கே தேய்ச்சா நூல் பிசிறு தட்டும். துளை போட்ட லெதரா இருந்தா க்ளீனரைப் பாதியா குறைங்க. துளைக்குள்ள நுரை நின்னு காய்ஞ்சா வெள்ளைப் புள்ளியா தெரியும்.

துணி வெளுப்பா வர்ற வரைக்கும் இதையே திரும்பச் செய்யணும், சாதாரணமா மூணு சுற்று. துணியில பழுப்பு வந்தா அழுக்கு. கறுப்பு ஸ்டீயரிங்ல இருந்து அடர் கறுப்பா வந்துக்கிட்டே இருந்தா அது பெயின்ட், உடனே நிறுத்துங்க. அரை மணி நேரம் காயவிட்டுப் பாருங்க. மேலேயும் கீழேயும் ஒரே மங்கலா இருந்தா வேலை முடிஞ்சது. பெரும்பாலான ஸ்டீயரிங்குக்கு இதுவே போதும். தேஞ்சு போச்சுன்னு நினைச்சதுல பாதி வெறும் அழுக்காத்தான் இருக்கும்.

[காட்சி: சுத்தம் செய்த வளையம்; பத்து மணி இடத்தில் வெளிறிய திட்டு]

சுத்தம் பண்ணின பிறகும் வெளிறின திட்டு தெரிஞ்சா இனிமேதான் மீட்கிற வேலை. இதுல தோத்துப்போறவங்க பெரும்பாலும் தோக்கிறது நிறத்துல கிடையாது, எண்ணெயில. காப்புப் பூச்சு போன இடத்துல மாசக்கணக்கா கை எண்ணெய் தோலுக்குள்ள இறங்கியிருக்கு. மேலே துடைச்சா போயிடும். வண்டி வெயில்ல நின்னதும் உள்ளே இருக்கிறது மறுபடி மேலே ஏறும். அது மேல அடிச்ச நிறம் ஒரு வாரத்துல, சரியா கை பிடிக்கிற இடத்துலயே உரியும்.

அதனால ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில லேசா நனைச்சு அந்த இடத்தைத் துடைங்க. இருபது நிமிஷம் விட்டு மறுபடி துடைங்க. துணியில மஞ்சள் கறை வர்றது நிக்கிற வரைக்கும் நாலஞ்சு தடவை. ஆல்கஹால் பூச்சைக் கரைக்கும், நாம இப்போ பூசப் போற இடம்ங்கிறதாலதான் இது சரி. மத்த நாள்ல கிட்டவே வேண்டாம். பொத்தான் மேல பட்டா எழுத்து அழியும், டேப் அப்படியே இருக்கட்டும்.

[காட்சி: வாட்டர் பேப்பர், நார் தெரியும் தோல்]

காய்ஞ்சதும் 1000 நம்பர் வாட்டர் பேப்பரால, அதாவது மிக நைஸான உப்புத்தாளால, லேசா ஒரு தேய்ப்பு. பிசிறு படியணும், பழைய பூச்சு ஓரம் விரலுக்குத் தட்டக் கூடாது. நார் கிளம்பின இடத்துல லெதர் பைண்டரை ஸ்பாஞ்சால மூணு நாலு தடவை தேய்ச்சு ஊறவிடுங்க, அது நாரையெல்லாம் ஒட்டிக் கெட்டியாக்கும். வெடிப்பு இருந்தா லெதர் ஃபில்லர், பழைய ஏடிஎம் கார்டு முனையால வழிச்சுப் பூசணும். ஒரே தடவையில நிரப்பாதீங்க. மெல்லிசா பூசி, காயவிட்டு, மறுபடி. டிங்கரிங் கடைப் பட்டி இதுக்கு ஆகாது, காய்ஞ்சா கல்லாகி, வளையத்தை அழுத்திப் பிடிச்சதும் வெடிச்சுடும்.

[காட்சி: ஸ்பாஞ்ச் துண்டு, நிறப் பாட்டில்]

இப்போ நிறம். தண்ணியை அடிப்படையா வச்சுச் செஞ்ச (வாட்டர் பேஸ்டு) லெதர் நிறம்தான் வேணும். 50 மில்லி பாட்டில் ஒரு ஸ்டீயரிங்குக்குத் தாராளம். கம்பெனிக் கறுப்பு பெரும்பாலும் சுத்தக் கறுப்பா இருக்காது, கரி நிறம் கலந்திருக்கும். வளையத்துக்குப் பின்பக்கம், கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒரு சொட்டு வச்சு, காய்ஞ்ச பிறகு பகல் வெளிச்சத்துல ஒப்பிட்டுப் பாருங்க. ஈரத்துல பார்த்து முடிவு பண்ணாதீங்க.

ஸ்பாஞ்சை ஊறுகாய் மாதிரிதான் தொட்டுக்கணும். முதல் பூச்சைத் தேய்ச்சுப் பூசுங்க. திட்டுத் திட்டாத்தான் வரும், பயப்பட வேண்டாம். அது பிடிமானத்துக்கான பூச்சு. ரெண்டாவதுல இருந்து ஒத்தி ஒத்தி வையுங்க, அப்போதான் தோல் வரி மூடாம இருக்கும். மொத்தம் அஞ்சு பூச்சு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பதினஞ்சு நிமிஷம், அவசரம்னா ஹேர் ட்ரையரை ஒரு அடி தள்ளிப் பிடிச்சு லேசா காட்டுங்க. ரொம்பக் கிட்ட வச்சா ஈரத் தோல் சுருங்கும், சுருங்கின தோல் திரும்ப விரியாது. தடிமனா ரெண்டு பூச்சோட முடிச்சுட்டா மேல காய்ஞ்சு உள்ளே பிசுபிசுன்னு நிக்கும்.

கடைசியா காப்புப் பூச்சு, மேட் வகை, அதாவது பளபளக்காதது. ஸ்டீயரிங்குக்குக் கண்டிப்பா க்ராஸ்லிங்க்கர், அதாவது பூச்சை இறுக்கிக் கெட்டியாக்குற திரவம், கலக்கணும், சீட்டை விட இங்கே உரசல் அதிகம். அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பாட்டில்ல போட்டிருக்கிற விகிதத்தை விடாதீங்க. கலந்தது சில மணி நேரத்துல கெட்டுப்போகும், அதனால 20 மில்லிக்கு மேல கலக்க வேண்டாம். மெல்லிசா மூணு பூச்சு.

அதுக்கப்புறம் ஒரு நாள் முழுக்க வண்டியை எடுக்காதீங்க. அடுத்த ஒரு வாரம் ஈரத் துணி, சானிடைசர் கை, ஸ்டீயரிங் கவர் எதுவும் படக் கூடாது, பூச்சு முழுசா இறுக அவ்வளவு நாள் ஆகும்.

[காட்சி: ஸ்டீயரிங்கைத் துடைக்கும் ஈரத் துணி]

பிறகு வாரம் ஒரு தடவை பிழிஞ்ச ஈரத் துணி, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை க்ளீனர். லெதர் கண்டிஷனர் போட ஆசைன்னா மிளகளவு, போட்டதும் உலர் துணியால எடுத்துடணும். டேஷ்போர்டு பாலிஷ், ஷூ பாலிஷ், தேங்காய் எண்ணெய் மூணும் வளையத்தை வழுக்க வைக்கும். திருப்பத்துல கை நழுவுற ஸ்டீயரிங் எவ்வளவு மின்னினா என்ன? சானிடைசர் போட்டா கை நல்லா காய்ஞ்ச பிறகு ஸ்டீயரிங்கைத் தொடுங்க.

[காட்சி: தையல் பிரிந்த ஸ்டீயரிங்]

தையல் பிரிஞ்சிருந்தாலோ, தோல் ஃபோமை விட்டுக் கிளம்பியிருந்தாலோ இதெல்லாம் உதவாது, புது உறைதான். சென்னையில ஜி.பி. ரோடு மாதிரி கார் ஆக்ஸசரீஸ் கடைத் தெருவுல இதைக் கையால தைச்சுத் தருவாங்க. வண்டியில வச்சே தைக்கிறாங்களா, கழட்டித் தைக்கிறாங்களான்னு முதல்லயே கேளுங்க. கழட்டுறதா இருந்தா பேட்டரி நெகட்டிவ் வயரை எடுத்து, பத்து நிமிஷம் காத்திருந்து, அப்புறம்தான் ஏர்பேக்ல கை வைக்கணும். மாட்டின பிறகு சாவியைத் திருப்பினதும் ஏர்பேக் விளக்கு எரிஞ்சு சில நொடியில அணையணும். அணையாம நின்னா, சரிபண்ற வரைக்கும் வண்டியை அந்தக் கடையில இருந்து எடுக்காதீங்க.