கடைசியில் படிக்கலாம் என்று தள்ளிவைத்த பாடங்கள்

வணக்கம் நேயர்களே.

அமெரிக்காவில் உளவியலாளராக உரிமம் பெற ஈ.பி.பி.பி. என்ற தேர்வை எழுத வேண்டும். 225 கேள்விகள், நாலேகால் மணி நேரம். கிருஷ்ணகிரியிலிருந்து போய் அங்கே படிக்கும் என் பழைய மாணவி அதற்குத் தயாராகிறாள். வாரம் ஒருநாள் போனில் சேர்ந்து படிக்கிறோம். "குழு சிகிச்சை, கன்சல்டேஷன், தடுப்பு, சிகிச்சை ஆராய்ச்சி எல்லாம் சின்னப் பகுதி மேடம், கடைசியில் பார்த்துக்கலாம்" என்றாள். அதைத்தான் முதலில் எடுக்கச் சொன்னேன். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் வேண்டியது அதில்தான் இருக்கிறது.

ஜெரால்டு கேப்லன் என்ற மனநல மருத்துவர் 1964-ல் சொன்ன மூன்று தடுப்பு நிலைகளை அவள் குழப்பிக்கொண்டே இருந்தாள். "உங்கள் பாட்டியின் பல்லை நினைத்துப் பார்" என்றேன். புளோரைடு தண்ணீரால் காவி ஏறிய பல், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் தண்ணீரைக் குழாயில் ஊருக்குக் கொண்டுவந்தது முதல்நிலை. பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது இரண்டாம்நிலை. எலும்பு இறுகிப்போனவர் நடமாட உதவுவது மூன்றாம்நிலை. அப்புறம் அவள் குழம்பவில்லை. மனதுக்கும் இதே கணக்குதான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் முன்பே எல்லாப் பிள்ளைகளிடமும் பேசுவது முதல்நிலை.

கவுன்சலிங், கன்சல்டேஷன் இரண்டையும் தமிழில் 'ஆலோசனை' என்றே சொல்லிவிடுகிறோம். இரண்டும் வேறு. மலைக்கிராமப் பள்ளி ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். வகுப்பில் ஒரு பையன் வாயே திறப்பதில்லை. பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலை. அந்தப் பையனை நான் பார்க்கவே இல்லை. ஆசிரியையிடம் மட்டும் மூன்று முறை பேசினேன். அவனை எழுப்பி வாசிக்கச் சொல்வதை அவர் நிறுத்தினார். இன்னொரு பையனோடு சேர்த்துச் சின்னச் சின்ன வேலை கொடுத்தார். மெல்லப் பேச ஆரம்பித்தான். அடுத்த வருடம் அதேபோல் ஒரு சிறுமி வந்தபோது ஆசிரியை என்னைத் தேடவில்லை, தானே பார்த்துக்கொண்டார். கன்சல்டேஷன் என்றால் அதுதான். ஆள் குறைவாக இருக்கும் ஊருக்கு இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரியாது.

குழு சிகிச்சையும் ஆள் பற்றாத இடத்துக்கு ஏற்றது. 1905-ல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் ஏழைக் காசநோயாளிகளை ஒன்றாக உட்காரவைத்ததில் தொடங்கியது. 'நமக்கு மட்டும் இல்லை' என்று தெரிவதே பாதி பாரத்தை இறக்கிவிடும்.

சரி, ஆராய்ச்சிக்கு வந்தோம். மனநல சிகிச்சையில் எட்டு அமர்வுகளில் ஏறக்குறைய பாதிப் பேரும், இருபத்தாறில் முக்கால்வாசிப் பேரும் தேறுகிறார்கள் என்று கென்னத் ஹோவார்டு என்ற உளவியலாளரின் குழு 1986-ல் காட்டியது. அதைப் படித்ததும் அவள் கேட்டாள்: "அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்து ஒருத்தர் கூலியை விட்டுவிட்டு எட்டு தடவை எப்படி மேடம் வருவார்?"

அன்று மேற்கொண்டு ஒரு கேள்வியும் பார்க்கவில்லை. யார், எந்த ஊருக்கு, எந்தக் கிழமை போவது என்று இருவரும் எழுதிக்கொண்டிருந்தோம்.