விண்டோஸும் இல்ல, லினக்ஸும் இல்ல! 512 பைட்டில "திருகோணமலை" எண்டு எழுதிற கொம்பியூட்டர்

(திரை: முழுக்கக் கறுப்பு. இடது மேல் மூலையில் சாம்பல் எழுத்தில் "திருகோணமலை". வேறு ஒண்டும் இல்லை.)

இந்த மெசின்ல விண்டோஸ் இல்ல. லினக்ஸ் இல்ல. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி மேசையில வச்சிருக்கிறன், பாருங்க. ஒரு பென் டிரைவ் மட்டும் குத்தியிருக்கு. அதுக்குள்ள இருக்கிற புரோகிராம் மொத்தமா 512 பைட். காலையில வட்ஸ்அப்பில வாற "இனிய காலை வணக்கம்" ரோசாப்பூப் படத்தில நூறில ஒரு பங்கு கூட வராது. ஆனா அது மெசினைத் தொடக்கி, எங்கட ஊர்ப் பேரைத் தமிழில எழுதிக் காட்டுது.

வணக்கம் மக்களே, உப்புவெளியில இருந்து பேசிறன். பின்னால கேக்கிற இரைச்சல் ஃபேன். அதை நிப்பாட்டினா நான் அவிஞ்சு போயிருவன், பொறுத்துக்கொள்ளுங்க.

(திரை: பவர் பட்டனை அமத்தும் விரல்.)

அடிப்படையை வேகமா முடிப்பம். பவர் பட்டனை அமத்தினா போர்டில இருக்கிற பயாஸ் எண்டிற தொடக்கப் புரோகிராம் எழும்பும். மெமரி, கீபோர்ட் எல்லாம் பாத்து முடிச்சு, டிஸ்க்கோட முதலாவது செக்டரை (துண்டை) வாசிக்கும். அது 512 பைட். கடைசி ரெண்டு பைட்டும் 85, 170 எண்டு இருந்தா "சரி, இது பூட் ஆகிற சாமான்" எண்டு நம்பும். ரெண்டையும் பைனரியில எழுதிப் பாருங்க: 01010101, 10101010. மற்ற 510 பைட்டில என்ன இருக்கு எண்டு அதுக்குக் கவலையே இல்ல. அப்பிடியே தூக்கி மெமரியில 31744ஆவது இடத்தில வச்சிட்டு அங்க பாஞ்சிடும். 32 கிலோபைட்டில இருந்து 1 கிலோபைட்டைக் கழிச்சா வாற இடம் அது. 1981ல ஐபிஎம் பிசி வந்த காலத்துக் கணக்கு, இண்டைக்கும் மாறேல்ல.

அந்த நேரம் உங்கட ப்ரொசெசர், எத்தினை கோர் இருந்தாலும், 1978ல வந்த 8086 சிப் மாதிரி 16 பிட்டில தான் நிக்கும். இனி எங்கட ராஜ்ஜியம்.

வழமையா எல்லாரும் இந்த இடத்தில ஆங்கிலத்தில "ஹலோ வேர்ல்ட்" அடிச்சிட்டுப் போயிருவினம். பயாஸ் இன்டரப்ட் 10ஐ (திரை வேலைகளுக்குப் பயாஸில இருக்கிற ரெடிமேட் சேவை, 10 எண்டது ஹெக்ஸ் கணக்கில) கூப்பிட்டா எழுத்து விழும், பத்து வரிக் கோட். எனக்கு அது காணாது. தமிழ் வேணும்.

இங்க தான் சிக்கல். விஜிஏ எண்டிற பழைய திரை முறையில, எழுத்து மட்டும் காட்டிற டெக்ஸ்ட் மோட்ல 256 எழுத்துத் தான். அதில ஆங்கிலம் இருக்கு, கிரேக்கம் கொஞ்சம் இருக்கு, சிரிக்கிற மூஞ்சி கூட ரெண்டு இருக்கு. தமிழ் இல்ல. யுனிகோடும் இல்ல, ஃபொண்டும் இல்ல, "கோ"வின்ட கொம்பை "க"வுக்கு முன்னால தூக்கி வைக்க ஒரு ஆளும் இல்ல.

ஆனா இன்டரப்ட் 10க்குள்ள ஒரு வழி இருக்கு: "இந்தா என்ட எழுத்து, இதைப் போடு" எண்டு குடுக்கலாம். ஒரு எழுத்து 8 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். ஒரு வரிக்கு ஒரு பைட், ஆக 16 பைட். அரவை ("கா"வில வாற காலை) கீறிக் காட்டிறன்.

(திரை: கட்டக் கொப்பி. மேல் வரி 11111110. அதுக்குக் கீழ 10000010, 10000010, 10000010...)

பாத்தீங்களா, ஒரு கூரை, ரெண்டு கால். அரவு ஓகே. ஆனா "ண"வை எட்டுப் புள்ளிக்குள்ள கீறிப் பாருங்க, இடியப்பம் மாதிரித் தான் வரும். அதால அகலமான எழுத்துக்கு ரெண்டு கட்டம் (ரெண்டு எழுத்தின்ட இடம்) குடுக்கிறம். கணக்குப் பாப்பம்: தி, ரு, ண, ம, க, ல, அதோட "லை"க்கு முன்னால நிக்கிற கொம்பு, ஏழுக்கும் ரெண்டு ரெண்டா 14. "கோ"வுக்கு முன்னால வாற கொம்புக்கும் அரவுக்கும் ஒவ்வொண்டு. மொத்தம் 16 கட்டம். பதினாறைப் பதினாறால பெருக்கினா 256. அதாவது 512ல சரியாப் பாதி! எங்கட ஊர்ப் பேரின்ட வடிவத்துக்கு மட்டும் பாதி வீடு போயிட்டுது. ஆங்கிலத்தில எழுதினா 11 பைட். சரி, என்ன செய்யிறது, ஊர்ப் பேர் தானே, குடுப்பம்.

இனி எனக்குப் பைத்தியம் பிடிக்க வச்ச விசயம். விஜிஏல திரையில ஒரு கட்டம் 8 புள்ளி இல்ல, 9. ஒன்பதாவது புள்ளி எப்பவும் வெறுமையா விடப்படும், எழுத்துகள் ஒட்டாம இருக்க. ஆங்கிலத்துக்கு வடிவா இருக்கும். ஆனா ரெண்டு கட்டத்தில நிக்கிற எங்கட "ண"? நடுவில வெட்டு விழும். பாதி "ண" அங்கால, பாதி "ண" இங்கால.

ஆனா ஒரு விதிவிலக்கு. 192இல இருந்து 223 வரைக்கும் உள்ள எழுத்துகளுக்கு மட்டும், எட்டாவது புள்ளியை ஒன்பதாவதிலயும் திருப்பிப் போடும். ஏனெண்டா அந்த இடத்தில பெட்டி கீறிற கோடுகள் இருக்கு, கோடு அறுபடக்கூடாது எண்டு அப்பவே யோசிச்சு ஹார்ட்வெயாரிலயே வச்சிருக்கிறாங்க. பெட்டிக் கோட்டுக்கு வச்ச சலுகையில நாங்க "ண"வைக் கொண்டுபோய்க் குடியேத்திறம்! எங்கட 16 கட்டமும் 192இல இருந்து 207 வரைக்கும். வலப்பக்கப் பாதிகளில எட்டாவது புள்ளியைச் சும்மா விட்டா அடுத்த எழுத்தோட ஒட்டாது. இதைக் கண்ட நேரம் நான் கதிரையை விட்டு எழும்பி ஒரு சுத்து நடந்திட்டு வந்தன்.

அதுக்கு மேல ஒரு லாபம். எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியிற ஒழுங்கிலயே அடுக்கி வச்சாச்சு, கொம்பு முன்னால, "க" பின்னால. ஒண்டும் ரெண்டு தரம் வரவும் இல்ல. அப்ப எழுத வேண்டிய சொல் எண்டு தனியா ஒண்டு தேவையில்ல. 192இல தொடங்கு, பயாசைக் கூப்பிடு, ஒண்டு கூட்டு, 208 வந்தா நில். எண்ணினாலே "திருகோணமலை" வந்திடும்.

முடிவில மறக்காம ஹோல்ட் (நிப்பாட்டு) கட்டளை போட்டு, அதுக்குப் பின்னால திரும்ப அதுக்கே பாயிற ஒரு ஜம்பும் போடுங்க. இல்லாட்டி ப்ரொசெசர் நிக்காது, அடுத்து இருக்கிற எழுத்து வடிவங்களையும் கட்டளை எண்டு நினைச்சு ஓடத் தொடங்கும். "ண"வை ரன் பண்ணினா என்ன நடக்கும் எண்டு ஆருக்கும் தெரியாது.

(திரை: நாஸ்ம், க்யூஎமு ஓடும் விண்டோ.)

நாஸ்ம் எண்டிற அசெம்பிளரில கோடை மெசின் மொழியாக்கி, க்யூஎமு எண்டிற போலிக் கொம்பியூட்டரில ஓட்டிப் பாருங்க, பழுதாக ஒண்டும் இல்ல. பென் டிரைவுக்கு எழுதிறவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. சில பயாஸ் பென் டிரைவின்ட முதல் 62 பைட்டுக்குள்ள தன்ட இஷ்டத்துக்கு எழுதும், அதால தொடக்கத்தில ஒரு ஜம்ப் போட்டு அந்த இடத்தைத் தாண்டுங்க. மற்றது, டிஸ்க்குக்கு நேரா எழுதிற "டிடி" கொமாண்டில டிரைவ் பேரை மூண்டு தரம் பாருங்க. பிழையா அடிச்சு அக்காவின்ட கலியாண ஃபோட்டோ அழிஞ்சா என்னட்ட வரக்கூடாது. பயாசுக்குப் பதிலா யுஇஎஃப்ஐ மட்டும் உள்ள புது லப்டொப்பில இது ஓடாது, பழைய மெசின் தேடுங்க.

"அண்ணா, இது கெர்னலா (ஓஎஸ்ஸின்ட மையப் பகுதியா)?" எண்டு கோணேசபுரி கம்பஸ் பிள்ளைகள் கட்டாயம் கேப்பினம். என்ட கருத்து: இல்ல. பயாஸ் கையைப் பிடிச்சுக்கொண்டு நடக்கிறது கெர்னல் இல்ல. அடுத்த செக்டர்களை ஏத்தி, மெமரியை எப்பிடிப் பிரிக்கிறது எண்டு சொல்லிற ஜிடிடி அட்டவணை போட்டு, ப்ரொசெசரின்ட சிஆர்0 எண்டிற கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில முதல் பிட்டை 1 ஆக்கி, 32 பிட்டுக்குப் பாயோணும். பிறகு பயாஸ் உதவாது. ஆனா எங்கட எழுத்து வீடியோ கார்டுக்குள்ளயே இருக்கு! பி8000 முகவரியில இருந்து 192, 193 எண்டு ஒரு பைட் விட்டு ஒரு பைட்டில (இடையில வாறது நிறத்துக்கு) நேரா எழுதினா தமிழ் விழும்.

அதுக்கு முதல் ஒரு கூத்து, ஏ20. 8086க்கு முகவரிக் கம்பி 20. ஒரு மெகாபைட்டைத் தாண்டினா, பழைய ஓட்டோ மீட்டர் 99999க்குப் பிறகு 00000 ஆகிற மாதிரி, திரும்பப் பூச்சியத்துக்கு வந்திடும். சில புரோகிராம் அதையே நம்பி எழுதப்பட்டிருந்தது. பிறகு வந்த 286 சிப்பில கம்பி 24 ஆச்சு, அதுகள் உடையப் பாத்தது. 1984ல ஐபிஎம் ஏடி எண்டிற கொம்பியூட்டரில என்ன செய்தாங்க தெரியுமா? இருபத்தோராவது கம்பிக்கு (பூச்சியத்தில இருந்து எண்ணினா அது தான் ஏ20) ஒரு கதவு போட்டு, திறப்பைக் கீபோர்ட் சிப்பிட்டக் குடுத்தாங்க. அதில ஒரு கால் சும்மா கிடந்ததாம்! மெமரி வேணுமெண்டா கீபோர்ட்டிட்ட அனுமதி கேக்கோணும். இதை விட நல்ல பகிடி கொம்பியூட்டர் உலகத்தில இல்ல.

கீபோர்ட் இன்டரப்டை (கீயை அமத்தினா வாற சிக்னலை) நாங்களே பிடிக்கிறது அடுத்த வீடியோ. அதுக்குள்ள ஒரு வேலை: கட்டக் கொப்பியில 16க்கு 16 கட்டத்தில உங்கட "ண"வைக் கீறி கமெண்டில போடுங்க, என்டதை விட வடிவா இருந்தா அதைத் தான் பாவிப்பன். மூதூர்க்காரர் சிரிக்கிறது கேக்குது, ஓம், உங்களுக்கு மூண்டே எழுத்து, 96 பைட்டோட முடிஞ்சுது. தம்பலகாமம் ஆக்கள், உங்கட பேரும் இதே ஒரு செக்டருக்குள்ள அடங்கும்.