ஐந்து ஃபெனிக் ரொட்டியும் பத்து வருடக் காரும்

நேயர்களுக்கு வணக்கம்.

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சத்தம் கேளுங்கள். மைக்குக்குப் பக்கத்தில், இந்த மேசைமேல் ஒரு காசைப் போடுகிறேன். சரியாகக் காதில் விழுந்திருக்காது. இது அலுமினியம், பொத்தான் மாதிரி லேசாக இருக்கிறது. இப்போது இன்னொன்று. இது கணீரென்று கேட்டிருக்கும். இது பித்தளை.

முதலில் போட்டது, ஜெர்மனி இரண்டு நாடாகப் பிரிந்திருந்த காலத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியின் ஒரு மார்க். அடுத்தது அதே நாட்டின் 20 ஃபெனிக். நூறு ஃபெனிக் சேர்ந்தால் ஒரு மார்க். சிறிய காசுக்கு மட்டும் ஏன் பித்தளை? பொதுத் தொலைபேசியில் போட வேண்டிய காசு அதுதான். எடையில்லாத அலுமினியம் அந்த இயந்திரத்துக்கு ஒத்துவராது.

1990 இல் மறைந்துபோன இந்தப் பணத்தால் என்ன வாங்க முடிந்தது? இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

ரொட்டியிலிருந்து தொடங்குவோம். காலையில் சாப்பிடும் சின்ன உருண்டை ரொட்டி 5 ஃபெனிக். கிழக்கு பெர்லினில் டிராம் பயணம் 20 ஃபெனிக். வீட்டு வாடகை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மார்க். 1980களின் இறுதியில் சராசரி மாதச் சம்பளம் 1,200 மார்க்குக்குக் கொஞ்சம் மேல். அறுபது சதுர மீட்டர் வீட்டுக்கு அறுபது மார்க் என்றால், சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்துதான் வாடகை. இந்த விலைகள் பல்லாண்டுகள் அசையவே இல்லை. நாடு முழுவதும் ஒரே விலை என்பதால் பல பொருள்களில் விலையை அச்சடித்தே அனுப்பினார்கள்.

கேட்கப் பொறாமையாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. பட்டினி கிடக்காமல் ஒரு நாடே சாப்பிட்டது சின்ன விஷயம் இல்லை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விலைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அடக்க விலையைவிடக் குறைவாக விற்ற ரொட்டியை வாங்கிப் பன்றிக்கும் கோழிக்கும் போட்டார்கள், தீவனத்தைவிட அது மலிவு. பழைய வீடுகளின் வாடகை 1936 ஆம் ஆண்டின் அளவிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. அந்த வருமானத்தில் கூரையைச் சரிசெய்ய முடியாது. மழை பெய்தால் மேல்மாடியில் ஒழுகும். லைப்சிக் நகரில் தெருத் தெருவாக வீடுகள் இப்படித்தான் இற்றுப்போயின.

அப்புறம் காப்பி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 125 கிராம் காப்பித் தூள் 8 மார்க் 75 ஃபெனிக். அந்தக் காசுக்கு 175 ரொட்டி வாங்கலாம்! காப்பிக் கொட்டையை இறக்குமதி செய்ய வெளிநாட்டுச் செலாவணி வேண்டும், அரசிடம் அது எப்போதும் பற்றாக்குறை. 1975 இல் பிரேசிலில் பனி விழுந்து காப்பித் தோட்டங்கள் கருகின, உலகச் சந்தையில் விலை ஏறியது. 1977 இல் கிழக்கு ஜெர்மனி ஒரு கலப்புக் காப்பியை இறக்கியது. பாதிக்கு மேல்தான் காப்பி, மீதி சிக்கரி, ரை என்னும் தானியம், பட்டாணி போன்றவை. மக்கள் கொதித்துப்போனார்கள். புகார்க் கடிதங்கள் குவிந்தன. கடைசியில் அரசு பின்வாங்க வேண்டியதாயிற்று.

கலர் டெலிவிஷன் 4,000 மார்க்குக்கு மேல், அதாவது மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டும். டிராபண்ட் காரின் விலை ஏறத்தாழ 8,500 மார்க்கிலிருந்து ஆரம்பம். சேமித்தால் அந்தப் பணம் சேர்ந்துவிடும். ஆனால் பதிவு செய்துவிட்டுப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதனால்தான் ஓடிப் பழகிய பழைய கார் புதுக் காரைவிட அதிக விலைக்குக் கைமாறியது. எனவே, ஒரு பணத்தின் வாங்கும் சக்தியைப் பற்றி யாராவது விலைப்பட்டியலை மட்டும் காட்டினால் எனக்குத் திருப்தி வருவதில்லை. எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்பதும் விலையில் சேர்ந்ததுதானே!

சொந்த நாட்டிலேயே இந்த மார்க் செல்லாத கடைகளும் இருந்தன. இன்டர்ஷாப் என்று பெயர். மேற்கத்தியக் காப்பி, சோப்பு, சாக்லேட் எல்லாம் அங்கே கிடைக்கும், ஆனால் மேற்கு ஜெர்மனியின் மார்க் போன்ற வெளிநாட்டுப் பணம் வேண்டும். மேற்கில் மாமாவோ அத்தையோ உள்ள குடும்பம் அங்கே போகும். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? எல்லாரும் சமம் என்று சொன்ன நாட்டில், ஒரு குழந்தைக்குச் சாக்லேட் கிடைப்பதும் கிடைக்காததும் எல்லைக்கு அப்பால் உறவு இருப்பதைப் பொறுத்திருந்தது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது. மேற்குக்கு வந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்புப் பணமாக 100 மேற்கு மார்க் கொடுத்தார்கள். வெளிச்சந்தையில் ஒரு மேற்கு மார்க்குக்குப் பத்துக் கிழக்கு மார்க் வரைகூடக் கேட்டார்கள். 1990 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை, பணமே மாறியது: கிழக்கு மார்க் போய் மேற்கு மார்க் வந்தது. சம்பளம் ஒன்றுக்கு ஒன்று. சேமிப்பில் பெரியவர்களுக்கு 4,000 வரையிலும், அறுபதைத் தொட்டவர்களுக்கு 6,000 வரையிலும் ஒன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் இரண்டு கொடுத்தால் ஒன்று. வருடக்கணக்காகக் காருக்குச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி அன்று பாதியானது.

கார்ல் மார்க்ஸ் படம் போட்ட நூறு மார்க் உட்பட நோட்டுகளை எல்லாம் மூட்டை மூட்டையாக ஹால்பர்ஸ்டாட் நகரின் பக்கத்துச் சுரங்கத்தில் போட்டு மூடினார்கள். 2002 இல் வெளியே எடுத்து எரித்தார்கள்.

மேற்கின் சில்லறை மட்டும் உடனே போதவில்லை. அதனால் 50 ஃபெனிக் வரையிலான கிழக்கின் காசுகள் 1991 ஜூன் இறுதிவரை செல்லுபடியாயின. கடைக் கல்லாக்களில் இரண்டு நாட்டுக் காசுகளும் ஒன்றாகக் கிடந்தன. முதலில் போட்டேனே, சத்தமில்லாத ஒரு மார்க், அதற்கு அந்த ஒரு வருடம் கிடைக்கவில்லை.

வணக்கம்.